ஒரே சர்வரில் மூன்று ஜாங்கோ: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் இணையதள வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் வாடிக்கையாளர்களாகக் கிடைப்பது அபூர்வம். பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனி, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ், மண்டபத்தில் ஒரு கருவாட்டு வியாபாரி, இப்படித்தான் வரும். ஆளுக்கொரு சர்வர் வாடகைக்கு எடுங்கள் என்றால் மூன்று பேரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே மூன்றும் ஒரே சர்வரில்தான் ஓடியாக வேண்டும். மூன்றும் ஜாங்கோவில், அதாவது பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் கட்டமைப்பில், உருவானவை. மூன்றும் வேறு வேறு வருடங்களில் எழுதியவை என்பதால் ஐஸ் கணக்கு ஜாங்கோ 3.2இலும், லாட்ஜ் முன்பதிவு 4.2இலும், கருவாட்டு ஆர்டர் 5.2இலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் 5.2க்கு ஏற்றிவிட்டால் என்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். கரையில் அது நடக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஐஸ் கம்பெனிக்கு வேலை குறையும். ஐஸ் கணக்கில் கைவைக்க அதுதான் நேரம். அதே மே மாதத்தில் லாட்ஜில் பள்ளி விடுமுறைக் கூட்டம் நிரம்பி வழியும். அங்கே அப்போது கைவைத்தால் போன் நிற்காமல் அடிக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டிய நாட்களிலும் லாட்ஜ் பக்கம் போகக் கூடாது. புது மீன் வரத்து குறைந்தால் கருவாட்டுக்கு ஆர்டர் ஏறும். ஒருவருக்கு ஓய்வு என்றால் இன்னொருவருக்கு உச்சம். எனவே ஒவ்வொரு தளத்தையும் அதனதன் ஓய்வுக் காலத்தில் உயர்த்துவோம், அதுவரை மூன்று பதிப்புகளும் ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓடட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் திட்டம்.

காலக்கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜாங்கோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகின்றன. 3.2 வந்தது 2021இல், 4.2 வந்தது 2023இல், 5.2 வந்தது 2025இல். ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். 3.2க்கான ஆதரவு 2024 ஏப்ரலோடு முடிந்தது, 4.2க்கு 2026 ஏப்ரல் வரை, 5.2க்கு 2028 ஏப்ரல் வரை. அதாவது ஆதரவு முடிகிற மாதமும் தடைக்காலம் தொடங்குகிற மாதமும் ஒன்று. ஐஸ் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்களுக்கு இது நல்ல வசதி.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு பதிப்பு ஏன் ஒன்றாக நிற்காது

பிப் என்கிற பைத்தானின் நிறுவல் கருவியை வைத்து ஜாங்கோவை நிறுவினால் அது சைட்-பேக்கேஜஸ் என்கிற கோப்புறையில் போய் உட்காரும். அங்கே ஜாங்கோ என்ற பெயருக்கு ஓர் இடம்தான். 5.2ஐ நிறுவினால் முதலில் இருந்த 3.2ஐத் தூக்கிவிட்டுத்தான் அது உட்காரும். ஓடிக்கொண்டிருக்கிற பைத்தான் புராசஸுக்குள்ளும் இதே கதைதான். ஒருமுறை இம்போர்ட் ஆனதை அது ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து யார் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுக்கும். ஆகவே கோப்புறையையும் பிரிக்க வேண்டும், புராசஸையும் பிரிக்க வேண்டும். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

முதல் படி: எந்தத் தளத்துக்கு எந்தப் பைத்தான்

பலரும் ஜாங்கோ பதிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பைத்தான் பதிப்பை மறந்துவிடுகிறார்கள். ஜாங்கோ 3.2 பைத்தான் 3.6 முதல் 3.10 வரை ஆதரிக்கிறது. 4.2 என்றால் 3.8 முதல் 3.12 வரை. 5.2க்கு 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

உபுண்டு 24.04இல் கூடவே வருவது பைத்தான் 3.12. அதில் 4.2, 5.2 இரண்டும் ஓடும். 3.2ஐப் போட்டால் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை என்று நின்றுவிடும். அந்த மாட்யூலைப் பைத்தான் 3.12இல் எடுத்துவிட்டார்கள், ஜாங்கோ 3.2 அதை நம்பியிருக்கிறது. செட்டப்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் அந்தப் பிழை மறையும் என்று யாராவது சொல்லுவார்கள். மறையும்தான். ஆனால் ஆதரவு முடிந்த ஜாங்கோவை, அது சோதிக்கப்படாத பைத்தானில் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பைத்தான் 3.10ஐத் தனியாகக் கொண்டுவந்து அதில் வையுங்கள்.

கொண்டுவருவதற்கு யுவி என்ற கருவி இப்போது எளிது. பைஎன்வி என்ற இன்னொரு கருவி என்றால் சர்வரிலேயே பைத்தானைக் கம்பைல் செய்யும், சின்ன சர்வரில் அது முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். யுவி தயார் செய்த பைத்தானை இறக்கிக் கொடுத்துவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: இறக்கிய பைத்தானை அது உங்கள் ஹோம் கோப்புறைக்குள் வைக்கும். தளத்தை ஓட்டப்போவது வேறொரு லினக்ஸ் பயனர். அந்தப் பயனர் உங்கள் ஹோமுக்குள் நுழைய முடியாது. கையால் ஓட்டும்போது நன்றாக ஓடி, சர்வீஸாக ஓட்டும்போது அனுமதி இல்லை என்று விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். யுவி_பைத்தான்_இன்ஸ்டால்_டிர் என்ற சூழல் மாறியில் ஓபிடி கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் இறக்குங்கள்.

சிஸ்டத்தின் சொந்தப் பைத்தானைத் தொடவே தொடாதீர்கள். பைத்தான்3 என்ற இணைப்பை வேறு பதிப்புக்குத் திருப்பிவிட்டால் உபுண்டுவின் பல கருவிகள் உடையும். நேரடியாகப் பிப் இன்ஸ்டால் அடித்தால் இது வெளியே நிர்வகிக்கப்படும் சூழல் என்று புதிய உபுண்டு மறுக்கும். அந்த மறுப்பை மீறவும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியின் பெயரிலேயே சிஸ்டத்தை உடை என்று எழுதியிருக்கிறார்கள், பிறகு ஏன் போக வேண்டும்.

இரண்டாம் படி: தளத்துக்கு ஒரு வென்வ்

எஸ்ஆர்வி கோப்புறைக்குள் ஐஸ், லாட்ஜ், கருவாடு என்று மூன்று கோப்புறைகள் போடுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கோட் தனியாக, வென்வ் தனியாக. வென்வ் என்றால் ஒரு தளத்துக்கு மட்டுமான பைத்தான் சூழல். வென்வின் பெயரிலேயே ஜாங்கோ பதிப்பைச் சேர்த்து வென்வ்-32, வென்வ்-42 என்று வைப்பது என் பழக்கம். உயர்த்துகிற நாளில் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சிஸ்டம் பயனரையும் உருவாக்குங்கள். ஒரு தளத்துக்குள் யாராவது புகுந்துவிட்டால் மற்ற இரண்டின் கடவுச்சொற்கள் கைக்கு எட்டாது.

வென்வில் மந்திரம் எதுவும் கிடையாது. அதைத் திறந்து பார்த்தால் பின் என்று ஒரு கோப்புறை, அதில் பைத்தானுக்கு ஓர் இணைப்பு, வெளியே பைவென்வ் டாட் சிஎஃப்ஜி என்று ஒரு சின்னக் கோப்பு, சொந்தமாக ஒரு சைட்-பேக்கேஜஸ். அந்தப் பின்னுக்குள் இருக்கும் பைத்தானைக் கூப்பிட்டால், அது பக்கத்தில் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு, தன் வீடு இதுதான் என்று புரிந்துகொள்ளும். ஆக்டிவேட் செய்வது என்கிற சடங்கு டெர்மினலில் பாதையை மாற்றி வைக்கிற வசதி, அவ்வளவுதான். முழுப் பாதையோடு கூப்பிட்டால் ஆக்டிவேட் தேவையே இல்லை. மூன்று வென்வ் இருக்கிற சர்வரில் எது ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று மறந்துபோவது சகஜம். ஆகவே மேனேஜ் டாட் பை கட்டளைகளை எப்போதும் முழுப் பாதையில் அடியுங்கள்: /எஸ்ஆர்வி/ஐஸ்/வென்வ்-32/பின்/பைத்தான் மேனேஜ்.பை மைக்ரேட். (மைக்ரேட் என்பது டேட்டாபேஸின் அமைப்பைக் கோடுக்கு ஏற்ப மாற்றும் கட்டளை.) நீளமாக இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

வென்வைப் பெயர் மாற்றவோ இடம் மாற்றவோ கூடாது. அதற்குள் இருக்கும் குனிகார்ன் (ஜாங்கோ தளத்தை ஓட்டும் நிரல்), பிப் போன்றவற்றின் முதல் வரியில் பழைய பாதை அப்படியே எழுதியிருக்கும். தேவையென்றால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்காகத்தான் நிறுவ வேண்டியவற்றின் பட்டியலான ரெக்கயர்மென்ட்ஸ் கோப்பு. அதில் ஜாங்கோவுக்கு எதிரே 4.2 அல்லது அதற்கு மேல் என்று மட்டும் எழுதினால், அடுத்த முறை புதிதாக நிறுவும்போது அன்றைக்கு இருக்கிற பெரிய பதிப்பு வந்து இறங்கும். மேல் எல்லையையும் எழுதுங்கள்: 4.2 அல்லது அதற்கு மேல், 5.0க்குக் கீழ்.

மூன்றாம் படி: குனிகார்னும் சிஸ்டம்டியும்

ஒவ்வொரு வென்வுக்குள்ளும் குனிகார்னைத் தனியாக நிறுவுங்கள். பிறகு உபுண்டுவில் சர்வீஸ்களைக் கிளப்பி ஓட்டும் சிஸ்டம்டிக்கு, தளத்துக்கு ஒன்றாக மூன்று சர்வீஸ் கோப்புகள். எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் அந்தந்த வென்வின் குனிகார்னை முழுப் பாதையோடு எழுதுங்கள். எந்த ஜாங்கோ ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த ஒரு வரிதான். யூசர் வரியில் அந்தத் தளத்தின் பயனர், வொர்க்கிங்டைரக்டரியில் கோட் இருக்கும் இடம், என்விரான்மென்ட்ஃபைலில் கடவுச்சொற்கள் உள்ள கோப்பு. ரன்டைம்டைரக்டரி என்ற வரியையும் சேர்த்து, கோரிக்கைகளைக் குனிகார்ன் வாங்கிக்கொள்ளும் கோப்பான சாக்கெட்டை அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். அது உருவாகும் ரன் கோப்புறை நினைவகத்தில் இருப்பது, சர்வர் மறுபடி கிளம்பினால் காலியாகிவிடும். இந்த வரி இருந்தால் சிஸ்டம்டியே ஒவ்வொரு முறையும் கோப்புறையை உருவாக்கிக் கொடுக்கும்.

குனிகார்ன் ஓட்டும் வொர்க்கர் புராசஸ்களின் எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்கிற குனிகார்ன் கணக்கு, சர்வரில் ஒரே தளம் இருக்கும்போது போடுகிற கணக்கு. மூன்று தளத்துக்கும் தனித்தனியே அதைப் போட்டால் சின்ன சர்வரின் 1 ஜிபி நினைவகம் திணறும். தளத்துக்கு இரண்டு வொர்க்கர் போதும். மெமரிமேக்ஸ் என்ற வரியில் ஒவ்வொரு தளத்துக்கும் உச்சவரம்பு வையுங்கள். வைக்காவிட்டால், கருவாட்டுத் தளத்தில் யாரோ பெரிய படத்தை ஏற்றி நினைவகம் தீர்ந்துபோகும்போது, கர்னல் தன் இஷ்டத்துக்கு ஒரு புராசஸைக் கொல்லும். அது லாட்ஜாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு தளத்தையும் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கர் வைத்தால் இதெல்லாம் சுலபம் என்பார்கள். சுலபம்தான். இருந்தாலும் புதியவர்கள் முதலில் இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. டாக்கருக்குள் ஏதாவது உடையும்போது எங்கே தேடுவது என்று அப்போதுதான் தெரியும்.

நான்காம் படி: என்ஜின்எக்ஸ்

வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உரிய தளத்துக்கு அனுப்புவது என்ஜின்எக்ஸ். அதன் அமைப்பில் டொமைனுக்கு ஒரு சர்வர் பிளாக். பிராக்ஸி_பாஸ் வரி அந்தத் தளத்தின் சாக்கெட்டைக் காட்ட வேண்டும், ஹோஸ்ட் தலைப்பை அப்படியே கடத்த வேண்டும். மாற்றியதும் என்ஜின்எக்ஸ் -டி என்று சோதித்துவிட்டு, ரீலோட் மட்டும் செய்யுங்கள். 502 பிழை வந்தால் குனிகார்ன் ஓடவில்லை அல்லது சாக்கெட் பாதை தப்பு. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பாருங்கள், அப்புறம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்.

எந்த டொமைனுக்கும் பொருந்தாமல் வருகிற கோரிக்கையை என்ஜின்எக்ஸ் முதலில் இருக்கிற பிளாக்குக்கு அனுப்பும். லாட்ஜ் டொமைனில் ஓர் எழுத்துப் பிசகி எழுதிவிட்டீர்கள், ஐஸ் தளம் எந்த டொமைன்களை ஏற்கும் என்று சொல்லும் அலவ்டு_ஹோஸ்ட்ஸிலோ யாரோ எல்லாவற்றையும் ஏற்கும் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால், ராமேஸ்வரத்தில் ரூம் தேடி வந்த குடும்பத்துக்கு ஐஸ் கம்பெனியின் லாகின் பக்கம் தெரியும். அலவ்டு_ஹோஸ்ட்ஸில் உண்மையான டொமைனை மட்டும் எழுதுங்கள். பொருந்தாதவற்றை மூடிவிட ஒரு தனி டிஃபால்ட் பிளாக்கும் வையுங்கள்.

ஸ்டாட்டிக் கோப்புகளை (படம், வடிவக் கோப்பு போன்றவை) பொதுவில் வைக்காதீர்கள். ஜாங்கோ அட்மினின் வடிவக் கோப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மூன்று தளத்துக்கும் ஒரே ஸ்டாட்டிக்_ரூட் கொடுத்தால், அவற்றை ஓரிடத்தில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக்கை ஓட்டும்போது ஒரு தளத்தின் கோப்புகள் இன்னொன்றுடையவற்றின் மேல் ஏறிக்கொள்ளும். அட்மின் பக்கம் கோணல்மாணலாகத் தெரிகிறது என்று போன் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பிரித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பவை

டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் ஒன்று போதும், ஆனால் தளத்துக்கு ஒரு டேட்டாபேஸ், தளத்துக்கு ஒரு பயனர். ஜாங்கோ 5.2க்குப் போஸ்ட்கிரஸ் 14 அல்லது அதற்கு மேல் வேண்டும். உபுண்டு 24.04இல் 16 வருகிறது, அதனால் கவலையில்லை.

ரெடிஸைக் கேஷாக (அடிக்கடி தேவைப்படுவதை எடுத்து வைக்கும் இடமாக) மூன்றும் பகிர்ந்தால் கீ_பிரிஃபிக்ஸை ஒவ்வொன்றிலும் வேறாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு தளம் போட்டு வைத்ததை இன்னொன்று எடுக்கும். அதுவும் வேறு ஜாங்கோ பதிப்பில் கட்டி வைத்த பொருள் என்றால் பிரிக்கும்போதே பிழை வரலாம்.

குக்கி விஷயம் இன்னும் நுணுக்கம். மூன்றையும் ஒரே டொமைனின் கீழ் வேறு வேறு பாதைகளில் வைத்தால், எல்லாவற்றுக்கும் லாகினை நினைவில் வைக்கும் செஷன் குக்கியின் பெயர் ஒன்றாகவே இருக்கும். ஐஸ் கணக்கில் லாகின் செய்தால் லாட்ஜில் லாகவுட் ஆகிவிடும். செஷன்_குக்கி_நேம், சிஎஸ்ஆர்எஃப்_குக்கி_நேம் இரண்டையும் மாற்றுங்கள். முடிந்தால் தனி டொமைன், இல்லையென்றால் துணை டொமைன். பாதை வைத்துப் பிரிப்பதைத் தவிருங்கள்.

ஐஸ் கணக்கை உயர்த்தும் நாள்

கடலுக்குப் போகிற நாளில் ஐஸ் கம்பெனிக்காரரிடம் சர்வரை நிறுத்தலாமா என்று கேட்டால், "தம்பி, இன்னைக்கு போட் போகுதுப்பா, கைய வச்சிராத" என்பதுதான் பதில். தடைக்காலத்தில் கேட்டால் "எப்ப வேணாலும் பண்ணிக்க" என்பார். ஏப்ரல் கடைசியில் தொடங்குங்கள்.

3.2இலிருந்து நேராக 5.2க்குத் தாவாமல் 4.2இல் ஒருமுறை நிறுத்துங்கள். பழைய வென்வைத் தொடாமல் பக்கத்தில் வென்வ்-42 என்று புதிதாகப் போட்டு, டேட்டாபேஸைப் பிரதி எடுத்து, வேறு சாக்கெட்டில், வேறு துணை டொமைனில் ஓட்டிப் பாருங்கள். உண்மையான தளம் அதுபாட்டுக்கு 3.2இல் ஓடிக்கொண்டிருக்கும். பைத்தானை -டபிள்யூடி என்ற சுவிட்சோடு ஓட்டினால், அடுத்த பதிப்பில் நீக்கப்போவதை எல்லாம் எச்சரிக்கையாகக் காட்டும். 4.0இல் பழைய யுஆர்எல் ஃபங்ஷன் போய்விட்டது, ரீ_பாத் என்று மாற்ற வேண்டும். சிஎஸ்ஆர்எஃப்_டிரஸ்டட்_ஆரிஜின்ஸில் டொமைனுக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்க்க வேண்டும். இவை பிழையாகக் கத்தும், ஆகவே கண்டுபிடித்துவிடலாம்.

கத்தாத மாற்றம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் பயப்பட வேண்டும். நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ள வேண்டுமா என்று சொல்லும் யூஸ்_டிஇசட் என்ற அமைப்பை செட்டிங்ஸில் எழுதாமல் விட்டிருந்தால் 5.0க்கு முன் அதற்கு இல்லை (ஃபால்ஸ்) என்று பொருள். 5.0 முதல் ஆம் (ட்ரூ) என்று பொருள். இதை ஐஸ் கணக்கில் வைத்துப் பாருங்கள். படகு கிளம்புவதற்கு முன், விடியற்காலை 4 மணிக்கு ஐஸ் ஏற்றுகிறார்கள். கடனுக்கு ஏற்றி, திரும்பி வந்து மீன் ஏலம் போனதும் தீர்க்கிற கணக்கு. யூஸ்_டிஇசட் ஆம் என்று ஆனதும் ஜாங்கோ நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்ளும். நம் 4 மணி அங்கே முந்தைய நாள் இரவு 10.30. உங்கள் கோட் அந்த நேரத்திலிருந்து தேதியை நேரடியாக வெட்டி எடுத்தால், புதன்கிழமை ஏற்றிய ஐஸ் செவ்வாய்க்கிழமை பில்லில் போய் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஏழெட்டு மணிக்கு ஏற்றிய படகுகளின் கணக்கு சரியாக இருக்கும், விடிவதற்கு முன் ஏற்றியவை மட்டும் ஒருநாள் பின்னே நிற்கும். படகுக்காரர் வந்து செவ்வாய்க்கிழமை நான் கடலுக்கே போகலையே என்று கேட்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே உயர்த்துவதற்கு முன், பழைய பதிப்பிலேயே, யூஸ்_டிஇசட்டுக்கு எதிரே இல்லை (ஃபால்ஸ்) என்று வெளிப்படையாக எழுதி வையுங்கள். பதிப்பு மாற்றமும் நேர மாற்றமும் ஒரே நாளில் வேண்டாம். பிறகு நிதானமாக, தேதி வெட்டுகிற இடங்களில் எல்லாம் லோக்கல்டேட் ஃபங்ஷனைப் போட்டு, டைம்_ஜோன் ஏசியா/கொல்கத்தா என்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஆம் என்று மாற்றலாம். விடியற்காலை 4 மணிக்கு ஒரு பில் போட்டுப் பார்க்கிற டெஸ்ட்டை எழுதி வைப்பது நல்லது.

மாற்றுகிற அன்று செய்யும் வேலை சின்னது. டிமக்ஸ் என்ற கருவிக்குள் போங்கள். கரையில் நெட் எப்போது விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது, தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். பாதி மைக்ரேஷனில் இணைப்பு அறுந்தாலும் டிமக்ஸுக்குள் இருந்தால் வேலை தொடரும். டேட்டாபேஸை ஒரு கோப்பாகப் பிரதி எடுக்கும் பிஜி_டம்ப்பை ஓட்டி, அந்தக் கோப்பை சர்வருக்கு வெளியே இறக்கிக்கொள்ளுங்கள். சர்வீஸை நிறுத்தி, புது வென்வின் பைத்தானில் மைக்ரேட் ஓட்டி, எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் வென்வ்-32ஐ வென்வ்-42 என்று திருத்தி, டீமன்-ரீலோட் கொடுத்து, சர்வீஸைக் கிளப்புங்கள். லாட்ஜுக்கும் கருவாட்டுக்கும் இது நடந்ததே தெரியாது.

ஏதாவது கோளாறு என்றால் அந்த வரியைப் பழையபடி மாற்றினால் கோட் திரும்பிவிடும், டேட்டாபேஸ் திரும்பாது. அதற்கு அந்த டம்ப் கோப்புதான் கதி. வென்வ்-32ஐ உடனே அழிக்க வேண்டாம். ஜூன் 15 விசைப்படகுகள் மறுபடி கடலுக்கு இறங்கி, ஒரு வாரம் பில் சரியாக விழுகிறதா என்று ஐஸ் கம்பெனிக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அப்புறம் அழியுங்கள். அந்த வாரத்தின் விடியற்காலை பில்களை நீங்களும் ஒருமுறை திறந்து தேதியைப் பார்த்துவிடுங்கள்.